ஆறா, எட்டா, பத்தா?

2022 மே மாதம் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் பிரான்சுக்குப் போயிருந்தோம். கொரோனாவால் இரண்டு வருடம் தள்ளிப்போன பயணம். மகளும் மருமகனும் இருப்பது பிரெத்தாஞ் பகுதியில் ரென் என்ற நகரம். நம் புதுச்சேரியில் தெருவுக்குப் பெயராக இருக்கும் லபூர்தொனே பிறந்த சேன் மலோ அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். அந்த ஊரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்று எழுத உட்கார்ந்தது மகளின் தொழிலைப் பற்றி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "மகள் பிரான்சில் என்ன செய்கிறாள்?" என்று யார் கேட்டாலும், "தோல் கிளினிக்கில் வேலை" என்றுதான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவள் அழகு நிலையத் தொழில் செய்கிறாள். அதற்கு அங்கே சே-ஆ-பே என்ற அரசுச் சான்றிதழ் வேண்டும், அதைப் படித்துத் தேறித்தான் செய்கிறாள். ஒரு முடிதிருத்தும் கடையின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். கோடைக்காலத்தில் அவளுக்கு முக்கிய வருமானம், வெள்ளைக்காரப் பெண்களின் உடம்பில் பழுப்பு நிறம் வருவதற்கான கரைசலைத் தெளிப்பது. ஸ்பிரே டேன் என்கிறார்கள். உடுப்பைக் கழற்றி நிற்கும் பெண்களுக்கு மேலிருந்து கீழ்வரை மருந்து அடிக்கும் வேலை என்று பஜனை மடத்தில் உட்கார்ந்து நான் எப்படிச் சொல்வது? அதனால் கிளினிக் ஆக்கிவிட்டேன்.

அந்த அறைக்குள் ஆண்களுக்கு வேலை இல்லை. ஆனால் மகள் கரைசல் பாட்டில்களை வீட்டுச் சமையலறையை ஒட்டிய அலமாரியில்தான் வைத்திருந்தாள். எனக்கு அங்கே பொழுது போகவில்லை. பத்திரிகை படித்து முடித்தபின் பாட்டில் லேபிள்களைப் படிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சு வழியில் படித்ததற்கு இந்த ஒரு பலன், மருந்துச் சீட்டானாலும் மளிகைச் சீட்டானாலும் விடாமல் படிப்பேன்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு எண். 6, 8, 10. அது டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற பொருளின் சதவீதம். சுருக்கமாக டி.எச்.ஏ. சர்க்கரை இனத்தைச் சேர்ந்தது. இது சாயம் இல்லை என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். தோலின் ஆக மேலே இருக்கும் செத்த அடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு இது வினைபுரிந்து, சில மணி நேரத்தில் பழுப்பு நிறம் உண்டாகிறது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், பால்கோவா கிண்டக் கிண்ட நிறம் மாறுவதும் இதே வகை வினைதான். லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் இதை எழுதி வைத்ததால் மயார் வினை என்றே பெயர். தோலில் இப்படி நிறம் வரும் என்பது தெரிய வந்தது 1950களில், அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில். ஏவா விட்கென்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வளர்சிதைக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழி கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் துப்பியது தோலில் பட்ட இடமெல்லாம் பழுப்பாக, துணியில் பட்ட இடத்தில் கறை இல்லை. அதை ஒருவர் கவனித்தாரே, அதைச் சொல்லுங்கள்.

மகள் என் முழங்கையின் உட்பக்கம் பத்து சதவீதத்தைக் கொஞ்சம் தடவி விட்டாள். மறுநாள் காலையில் கண்ணாடி போட்டுத் தேடித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். மாரி பிஸ்கட் மாதிரி ஒரு வாடை மட்டும் நன்றாக வந்தது. என் மனைவி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது தேவையில்லாத செலவுங்க" என்றாள்.

தேவை யாருக்கு என்றால், அந்த ஊரில் பாதிப் பேருக்கு. பிரெத்தாஞ் பெண்களில் பலர் சிவப்பு முடி, பால் வெள்ளைத் தோல், மூக்கெல்லாம் புள்ளி. வெயிலில் நின்றால் இவர்கள் பழுப்பாக மாட்டார்கள், இறால் மாதிரி சிவந்து வெந்துபோவார்கள். ஆனால் கோடையில் பழுப்பாக இருப்பதுதான் அங்கே அந்தஸ்து. பழைய காலத்தில் அங்கேயும் வெயிலில் கறுத்தவள் என்றால் வயல்வேலை செய்பவள் என்றுதான் அர்த்தம். 1920களில் பணக்காரர்கள் தென்கடற்கரைக்கு வெயில் காயப் போக ஆரம்பித்தார்கள். 1936இல் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. அதற்குப் பிறகு, பழுத்த உடம்போடு ஊர் திரும்பினால் கடற்கரைக்குப் போய்வந்தவர் என்று பொருள்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மகள் ஒன்று சொன்னாள். அவளுக்கு இருபத்து நாலு வயதில் பெண் பார்க்க வந்த வீட்டம்மாள், "நிறந்தான் கொஞ்சம் கம்மி" என்றார். நான் அவசரமாக, "காலேஜுக்குச் சைக்கிள்ல போய் வர்றா, வெயில்ல அலைஞ்சதால" என்று சமாதானம் சொன்னேன். எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது.

"நீங்க அன்னிக்கு வெயில் மேல பழி போட்டீங்கப்பா. இங்க அந்த வெயிலுக்குத்தான் காசு கொடுக்கிறாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைக் குடித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் தோலுக்கு எந்த எண்? இதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். வெளியாள் என்ன நினைப்போம்? தோல் எவ்வளவு வெளுப்போ அவ்வளவு அதிகமாக மருந்து வேண்டும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். நேர் எதிர். மிக வெளுத்த தோலுக்கு 6, மிஞ்சினால் 8. 10 என்பது ஏற்கெனவே கொஞ்சம் மாநிறமாக, வெயிலில் எளிதாகப் பழுக்கும் தோலுக்கு. வெள்ளைத் தோலில் பத்தை அடித்தால் பழுப்பு வராது, ஆரஞ்சு வரும். மாநிறத் தோலில் அந்த ஆரஞ்சு ஒளிந்துகொள்ள அடியில் சொந்த நிறம் இருக்கிறது. பால் வெள்ளையில் ஒளிய இடமில்லை.

வாடிக்கையாளர் வந்ததும் மகள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன நிறம் வேண்டும்?" அல்ல. "கோடையில் முதல் நாள் அரை மணி நேரம் வெயிலில் நின்றால் உனக்கு என்ன ஆகும்?" என்பது. எப்போதும் வெந்துபோவேன், பழுக்கவே மாட்டேன் என்றால் முதல் வகை. வேகும், பிறகு லேசாகப் பழுக்கும் என்றால் இரண்டாவது. இப்படி ஆறு வகை. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் போட்ட பட்டியல். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நாலு வகை வைத்தார், நம்மைப் போன்றவர்களுக்கான ஐந்தும் ஆறும் பிறகு சேர்ந்தன. முடி, கண் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம், வெயிலுக்குத் தோல் என்ன பதில் சொல்கிறது என்பதைக் கேட்க வேண்டும் என்பாள்.

அடுத்து மணிக்கட்டைத் திருப்பி நரம்பைப் பார்ப்பாள். நீலமாகத் தெரிந்தால் தோலில் ரோஸ் சாயல், பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல். கரைசலிலும் பச்சை அடி, ஊதா அடி என்று வருகிறது. ரோஸ் தோலுக்குப் பச்சை அடி, மஞ்சள் தோலுக்கு ஊதா அடி என்பது அவள் வழக்கம். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிறோமே, அந்தக் கணக்குதான். முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் இடுக்கு இங்கெல்லாம் தோல் தடிப்பு, கரைசலை அதிகமாகக் குடிக்கும். அங்கே முன்கூட்டியே கொஞ்சம் கிரீம் தடவிவிட வேண்டும். வருகிறவர் முதல் நாளே உடம்பைத் தேய்த்துக் குளித்திருக்க வேண்டும், அன்று சென்ட், கிரீம் எதுவும் கூடாது. கண்ணை மூடி, மூக்குக்குள் அடைப்பு வைத்து, உதட்டில் களிம்பு பூசித்தான் அடிப்பது, மூச்சில் போகக்கூடாது. அறையில் காற்றை இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் வந்தாலும் அது வெயிலைத் தடுக்காது, வெயிலுக்குத் தனி கிரீம் பூசித்தான் ஆக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவாள்.

ஒரு நாள் அலமாரியில் 10 பாட்டில் நிறைய இருப்பதைப் பார்த்து, "இதை ஏன் வாங்கி வைத்திருக்கிறாய்? தீரவே தீராது போலிருக்கே" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது.

சொந்தமாக ஆரம்பிப்பதற்கு முன்பு அவள் வேறு ஊரில் ஒரு அழகு நிலையத்தில் சம்பளத்துக்கு இருந்தாள். 12, 14 என்றெல்லாம் அப்போது பாட்டில்கள் விற்றன. (2022 ஜனவரி 26 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வகைப் பொருள்களுக்கு 10 சதவீதமே உச்சவரம்பு.) கல்யாணத்துக்குத் தோழியாக நிற்கப்போகும் ஒரு பெண் வந்தாள், சுத்த முதல் வகைத் தோல். "நன்றாகக் கறுப்பாக வேண்டும்" என்றாள். மகள் தயங்கினாள். முதலாளியம்மாள், "கேட்பதைக் கொடு, காசு கொடுப்பவள் அவள்" என்று பன்னிரண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். மறுநாள் காலை அந்தப் பெண் கேரட் நிறத்தில், உள்ளங்கையில் திட்டுத் திட்டாக, அழுதுகொண்டே வந்து நின்றாள். எண்ணெய் தடவி, வெந்நீரில் ஊற வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். செத்த தோல் தானாக உதிரும்வரை முழுக்கப் போகாது. ஒரு வாரம் ஆகும். கல்யாணமோ அடுத்த நாள். அந்தக் குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தில் அந்தப் பெண் இன்றைக்கும் அப்படித்தான் நிற்பாள்.

முதலாளியம்மாள், பன்னிரண்டைத் தான் எடுத்துக் கொடுத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் மகளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"என்னன்னுப்பா சொல்றது? நீங்க நான் கிளினிக்ல இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க."

அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நாலு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த நாலு மாதத்திலும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினோம். மழை பெய்கிறதா, குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாய்வழி உத்தரவை நம்பி வேலை செய்த எழுத்தர்தான் கடைசியில் மாட்டுவார். எழுத்தில் இருந்தால் பிழைத்தார். மறுநாள் கடைக்குப் போய் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வந்து கோடு போட்டேன். வரிசை எண், நாள், தோல் வகை, நரம்பு நிறம், கரைசல் எண், அளவு மில்லியில், அடித்த நேரம், வாடிக்கையாளர் கேட்டது, நாம் கொடுத்தது. கடைசி இரண்டும் தனித்தனிப் பத்தி. பெயர் வேண்டாம், எண் போதும் என்றேன். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் அவளிடம் வேறிடத்தில் இருக்கும்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு தினமும் மாலையில் அவள் சொல்ல நான் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு பத்தி சேர்த்தேன், "கழுவிய நேரம்". தபால் வந்த நாளை எழுதினால் அது தீர்ந்த நாளையும் எழுத வேண்டும், இல்லையேல் பதிவேடு முழுமை ஆகாது. அடித்த கரைசல் ஏழெட்டு மணி நேரம் தோலில் இருந்தால்தான் முழு நிறம் வரும். அதுவரை தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. அடித்தவுடன் தெரிகிற நிறம் வெறும் அடையாளச் சாயம், முதல் குளியலில் போய்விடும். எல்லோரும் சொன்னபடி காத்திருந்தார்களா? மறுநாள் எப்படியும் மரியாதைக்கு எல்லோருக்கும் போன் செய்கிறாளே, அப்போது கேட்டு எழுது என்றேன்.

ஜூன் முதல் வாரம் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். நோட்டில் 31ஆம் எண். சிவப்பு முடி, முதல் வகை. கல்யாணம் ஜூலையில். மகள் கல்யாணப் பெண்களுக்கு ஒத்திகை பார்க்காமல் அடிக்கவே மாட்டாள். ஒத்திகைக்கு 6 கொடுத்தாள். நாலு நாள் கழித்துப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை, பத்துதான் வேண்டும், இல்லாவிட்டால் கொடுக்கிற கடைக்குப் போய்க்கொள்கிறோம் என்று அந்த அம்மாள் கறாராகப் பேசியிருக்கிறார். கல்யாண வேலை என்றால் பெண், தோழிகள், அம்மா என்று ஐந்தாறு பேர். அந்த மாத அறை வாடகை அதில் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த மகள் முகம் சரியில்லை. "எட்டு கொடுத்துப் பார்க்கட்டுமாப்பா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு இதில் என்ன தெரியும்? நோட்டை எடுத்துக் கொடுத்தேன். 31ஆம் எண்: அடித்த நேரம் மாலை 5. கழுவிய நேரம் இரவு 8. குறிப்பு: டிராமிலிருந்து... இல்லை, ரென்னில் டிராம் கிடையாது, மெத்ரோ. மெத்ரோவிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது மழை, நனைந்துவிட்டதால் சுடுநீரில் குளித்தாள்.

மூன்று மணி நேரம்தான். அதிலும் நடுவில் மழை. ஆறு சதவீதத்தின் மேல் குற்றமே இல்லை, அதை வேலை செய்யவே விடவில்லை.

மகள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, பெயரில்லாத அந்த ஒரு வரியை மட்டும் பெண்ணுக்கு அனுப்பினாள். காசு வாங்காமல் இன்னொரு ஒத்திகை, அதே 6, எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் வேறு கடைக்குத் தாராளமாகப் போகலாம் என்று எழுதினாள். வந்தாள். இந்தத் தடவை அவள் அண்ணன் காரில் அழைத்துப் போனான். மறுநாள் பெண்ணுக்கே திருப்தி. அம்மாவுக்கு மட்டும் இன்னும் ஒரு மாற்று வேண்டும், போட்டோவில் தெரியாது, எட்டாவது அடி என்றார். மகளுக்கு எட்டு பயம்.

"ஏழு கொடேன்" என்றேன்.

"ஏழுன்னு பாட்டிலே வராதுப்பா."

"ஒரு உடம்புக்கு எவ்வளவு ஆகும்?"

"அறுபது மில்லி."

ஆறில் நாற்பத்தைந்து மில்லி, பத்தில் பதினைந்து மில்லி. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பச்சை அடி. பெருக்கிக் கூட்டி அறுபதால் வகுத்தால் சரியாக ஏழு. மகள் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் கோப்பு இப்படித்தான் நகரும் என்று நான் சொல்லவில்லை. முகத்துக்கு மட்டும் ஒரே ஒரு சுற்று, உடம்புக்கு இரண்டு என்று அவளே முடிவு செய்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை அடித்தாள். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும்தான்.

சனிக்கிழமை இரவு படம் வந்தது. வெள்ளை கவுனில் சிவப்பு முடிப் பெண், தோள்பட்டை டிகிரி காபியில் பால் கொஞ்சம் தூக்கலாக விட்ட நிறம். ஆரஞ்சு இல்லை. கவுனில் கறை இல்லை. மூக்குப் புள்ளிகள்கூட அப்படியே தெரிந்தன. என் மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு சந்தோஷமா இருக்கா" என்றாள். நோட்டில் 31ஆம் எண்ணுக்கு எதிரே கடைசிப் பத்தியில் மகள் தன் கையால் '7' என்று எழுதி, பக்கத்தில் 'அப்பா' என்று போட்டாள். பதிவேட்டில் இப்படியெல்லாம் எழுதக்கூடாது. விட்டுவிட்டேன்.

ஆகஸ்டு முதல் வாரம் ஊர் திரும்பினோம். அடுத்த தெரு பழைய சொல்தா ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர், பார்க்க வந்தார். "மகள் கிளினிக் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கிளினிக் இல்லைங்க. ஸ்பிரே டேன் போடுற தொழில். சொந்தமா நடத்துறா. ரொம்ப வெளுத்த தோலுக்கு ஆறு, எட்டுக்கு மேல தர மாட்டா" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே. நாலஞ்சு வருஷம் முன்னாடியே உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. தெருவுக்கே தெரியும். நீங்க கிளினிக்னு சொல்றதால நாங்களும் அப்படியே கேட்கிறது" என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி வெளியே வரவில்லை.